மேளம் செட்டுக்கு ஒரு 'எங்கள் குழு' பக்கம்: ஒரு செருகுநிரலோடு எட்டு மாதம்

ஆடியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லையென்றால் பத்திரிகை அடிக்கிற எனக்கும் வேலை இல்லை, மேளக்காரர்களுக்கும் அம்மன் கோயில் திருவிழாக்களைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. போன ஆடியில் ஒரு மத்தியான நேரம், மயிலாடுதுறையில் என் அச்சகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பழைய மாதிரி அட்டைகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பல வருடப் பழக்கமுள்ள நாதஸ்வர வித்துவான் ஒருவர் வந்தார். குத்தாலம் பக்கத்துக்காரர்.

"தம்பி, எங்கள் செட்டுக்கு ஒரு வெப்சைட் வேண்டும். யார் யார் வாசிக்கிறோம் என்று படத்தோடு போட வேண்டும்."

"எதற்கு அண்ணே இப்போது திடீரென்று?"

"மண்டபம் பேசி முடித்ததும் எல்லோரும் கேட்பது இதைத்தான். யார் வருவார்கள்? வாட்ஸ்அப்பில் ஆறு படம் அனுப்புகிறேன். ஆறு பேர் யார் என்று குரல் பதிவும் அனுப்புகிறேன். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டு அதையே முதலிலிருந்து கேட்கிறார்கள். ஒரே இடத்தில் போட்டுவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் சாதகம் செய்யப் போவேன்."

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். பத்திரிகை கைப்பேசிக்குள் புகுந்துகொண்ட பிறகு, வயிற்றுப்பாட்டுக்கு, வலைத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளைக் கற்றுக்கொண்டு சின்னச் சின்ன வலைத்தளங்களும் செய்து தருகிறேன். அரிசி ஆலை ஒன்று, டியூஷன் சென்டர் ஒன்று, இரண்டு கல்யாண மண்டபம். ஆள்களின் படம் போட வேண்டிய இடத்தில் இதுவரை கையாலேயே வரிசை கட்டி வந்தேன். ஒரு படம், கீழே பெயர், பக்கத்தில் இன்னொரு படம். நாலு பேர் உள்ள ஆலைக்கு அது போதும். மேளம் செட்டு அப்படியில்லை. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஆள் கூடுவார்கள், குறைவார்கள், மாறுவார்கள். அதனால் முதல் தடவையாக, குழு உறுப்பினர்களைக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பிளகினை, அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்கிற துணை மென்பொருளை, நிறுவினேன். செருகுநிரல் என்கிறார்கள், நல்ல சொல், அதையே வைத்துக்கொள்கிறேன்.

அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் சொல்லிக் குறை சொன்னால், நான் சொல்லும் நிறையை யாரும் படிக்க மாட்டார்கள். போதாததற்கு, இதே வேலையைச் செய்கிற நாலைந்தை நிறுவிப் பார்த்து அழித்துவிட்டுத்தான் இதில் வந்து நின்றேன். எல்லாவற்றுக்கும் ஒரே முகஜாடை. ஒன்றைப் பற்றிச் சொல்வது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அடிப்படை வேலை எளிது. ஒவ்வோர் ஆளையும் ஒரு தனிப் பதிவாக டேஷ்போர்டில் (தளத்தை நிர்வகிக்கிற உள்பக்கத்தில்) ஏற்றுகிறோம்: பெயர், பதவி, படம், நாலு வரிக் குறிப்பு, தொடர்பு இணைப்புகள். பிறகு எந்தப் பக்கத்தில் காட்ட வேண்டுமோ அங்கே ஷார்ட்கோடு என்கிற ஒரு சின்னக் கட்டளை வரியை ஒட்டினால், எல்லோரும் கட்டம் கட்டமாக வந்து நிற்பார்கள். 2010இல் வந்த வேர்ட்பிரஸ் 3.0இலிருந்து, கட்டுரை, பக்கம் தவிர நம் தேவைக்கு வேறு வகைப் பதிவுகளையும் எளிதாக உண்டாக்கிக்கொள்ளலாம். இந்தச் செருகுநிரல்கள் நிற்பது அந்தக் கால் மேல்தான். அச்சுக்காரன் பாஷையில் சொன்னால், பத்திரிகையின் தலையில் பிள்ளையார் படம் அடிக்கிற அச்சுக்கட்டை, பிள்ளையார் பிளாக் மாதிரி. ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டால் நூறு பத்திரிகைக்கு அதையே போட்டு எடுக்கலாம். வித்துவானின் படத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். முகப்பு, குழுப் பக்கம், முன்பதிவுப் பக்கம் மூன்றிலும் மாறிவிடும். கையால் வரிசை கட்டினவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நிறுவியதும் மாதிரிக்காக நாலு பேரைத் தானே கொண்டுவந்து நிறுத்தியது. கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள். ஒருவர் தலைமைச் செயல் அதிகாரி, ஒருவர் சந்தைப்படுத்தல் மேலாளர். ஒவ்வொருவருக்கும் கீழே திறன் பட்டை என்று ஒரு கோடு: தொண்ணூறு சதவீதம், எழுபத்தைந்து சதவீதம். வித்துவான் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவர்கள் எந்த ஊர் செட்டு?"

நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "அந்தக் கோடு எதற்கு? இவர் தவிலில் தொண்ணூறா? மீதிப் பத்தை யார் வாசிப்பார்?"

திறன் பட்டையை அன்றே அணைத்துவிட்டேன். அணைக்க வசதி இருக்கிறது என்பதைச் செருகுநிரலின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஆனால் அதன் மனத்தில் உள்ள குழு எது என்பது அந்த மாதிரி ஆள்களிலேயே தெரிந்துவிட்டது. அது ஓர் அலுவலகம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கிறது. எங்கள் பக்கத்தில் நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் ஊர்தான் முதல் பெயர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோவில் ராகவப்பிள்ளை என்று ஊரை முன்னால் வைத்துத்தான் உலகம் அவர்களைச் சொல்கிறது. கடைசிப் பெயரை வைத்து அகர வரிசைப்படுத்து என்று ஒரு வசதியும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களை அதில் போட்டால் அத்தனை பேரும் 'பி'யில் வந்து குவிவார்கள். நான் எல்லாவற்றையும் முதல் பெட்டியிலேயே அடைத்து, இரண்டாவதைக் காலியாக விட்டேன். காலியாக விட்டதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

படம் எடுக்கக் காவிரிக்கரையில் துலாக்கட்டத்துக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் ஓடியது, காலை ஆறரை மணி வெயில், பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். படங்கள் நன்றாகவே வந்தன. ஏற்றிப் பார்த்தால் கண்ணராவி. வேர்ட்பிரஸ் ஏற்றுகிற ஒவ்வொரு படத்திலிருந்தும் 150க்கு 150 அளவில் ஒரு சதுரச் சிறுபடம் தானாக வெட்டி வைக்கும், நடுவைப் பார்த்து வெட்டும். செருகுநிரல் அந்தச் சதுரத்தை எடுத்து, மூலையை உருட்டி வட்டமாக்கிக் காட்டுகிறது. கோட்டுப் போட்டவரின் முகத்துக்கு வட்டம் பொருந்தும். நாதஸ்வரம் இரண்டரை அடிக்குக் குறையாத வாத்தியம். வட்டத்துக்குள் வித்துவானின் மோவாயும், உலவு என்கிற மரக்குழலின் நடுப்பகுதியும், ஆறு விரலும் இருந்தன. வாயில் வைத்து ஊதுகிற சீவாளி மேலே போயிற்று, அடியில் விரிந்திருக்கிற அணசு கீழே போயிற்று. தவில்காரர்களுக்கு அதைவிட மோசம். வட்டம் முழுக்கத் தவில், மேலே ஒரு கீற்று நெற்றி.

"அணசு இல்லாத நாயனமும் தலை இல்லாத ஆளும் ஒன்றுதான் தம்பி" என்றார்.

வட்டத்தை விட்டு நீள்சதுரத்துக்கு மாற்றலாம். இலவசப் பதிப்பிலேயே அந்த வசதி உண்டு. ஆனால் அளவை மாற்றினால் ஏற்கெனவே ஏற்றிய படங்கள் தாமாக மாறாது. சிறுபடங்களை மறுபடி வெட்டித் தருவதற்கென்று இன்னொரு செருகுநிரல் போட வேண்டியிருந்தது. இந்தத் தகவல் கையேட்டில் எங்கும் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க, ஏன் பழைய வட்டமே வருகிறது என்று கணினியோடு சண்டை போட்டேன். கடைசியில் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துப் பிடித்த மாதிரி மறுபடி படம் எடுத்து, மூன்றுக்கு நாலு விகிதத்தில் நானே வெட்டி ஏற்றினேன். இதைப் படித்துவிட்டு யாராவது செய்வதாக இருந்தால், முதலில் சட்டத்தின் அளவைத் தீர்மானியுங்கள், அப்புறம் ஆற்றங்கரைக்குப் போங்கள்.

இனி வரிசை. பத்திரிகையில் பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். அச்சடித்த ஐந்நூறையும் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு காகிதத்தில் வேறு ஐந்நூறு இலவசமாக அடித்துக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் ஆள்களை ஏற்றும்போது மரியாதையாகவே ஏற்றினேன். முதலில் வித்துவான், அப்புறம் இரண்டாம் நாதஸ்வரம், அப்புறம் மூத்த தவில், இளைய தவில், சுருதிப் பெட்டி, கடைசியில் தாளம் போடுகிற பதினெட்டு வயதுப் பையன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் தளத்தைத் திறந்துவிட்டேன். என் கணினியில் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு மூத்த தவில்காரர் கும்பகோணத்திலிருந்து கூப்பிட்டார். அவர் சத்தம் போட மாட்டார். அதுதான் பயம்.

"தம்பி, தாளம் போடுகிற பிள்ளை எங்களுக்கெல்லாம் எப்போது அண்ணன் ஆனான்?"

நடந்தது இதுதான். குழுப் பக்கத்தில் நான் கையால் இழுத்து வைத்த வரிசை இருந்தது. முகப்புப் பக்கத்துக்கு ஒட்டிய ஷார்ட்கோடில் வரிசை எதுவென்று நான் எழுதவில்லை. எழுதாவிட்டால் இந்தச் செருகுநிரல் தேதிப்படி காட்டும், கடைசியாக ஏற்றினது முதலில். செய்தித் தளத்துக்கு அது நியாயம். மேளத்துக்கு? பையன் தலையில், அவனுக்குக் கீழே சுருதிப் பெட்டி, எல்லோருக்கும் அடியில் வித்துவான். ஷார்ட்கோடில் ஒரு சொல் சேர்த்ததும் சரியாயிற்று. ஆனால் தவில்காரர் கைப்பேசியில் மறுநாள் காலைவரை பழையதே வந்துகொண்டிருந்தது, தேக்கி வைத்த பக்கத்தைத் தளம் கொடுத்துக்கொண்டிருந்ததால். அந்த ஒரு ராத்திரி நான் தூங்கவில்லை. பையனும் தூங்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

குழு உறுப்பினர் செருகுநிரல் ஒன்றுக்கு, நிறுவியவுடன் இருக்க வேண்டிய வரிசை கையால் வைக்கிற வரிசைதான். மனிதர்களைத் தேதிப்படி அடுக்குகிற இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? இதற்காக ஒரு முழு மதிப்பெண் குறைக்கிறேன்.

தமிழுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

தளத்தின் தோற்றத்துக்காகப் போட்ட தீமின் எழுத்துருவில் தமிழ் கிடையாது. அதனால் பெயர்கள் ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒவ்வொரு முகத்தோடு வந்தன. முக்த மலர் எழுத்துருவைப் போட்டுச் சரிசெய்தேன். அது செருகுநிரலின் குற்றம் இல்லை. ஆனால் பெயர் வரியின் உயரத்தை அது ஆங்கிலத்துக்கு அளந்து இறுக்கிக் கட்டியிருக்கிறது. 'கீ'யின் கொக்கியும் 'மூ'வின் வாலும் வெட்டுப்பட்டன. அச்சில் இப்படி ஒரு பெயர் போயிருந்தால் காசு வாங்க முடியுமா? உதவி மன்றத்தில் எழுதிக் கேட்டேன். இலவசப் பதிப்புக்காரன் என்று அலட்சியம் செய்யாமல் மறுநாளே தோற்றத்தைத் திருத்துகிற இரண்டு வரி சிஎஸ்எஸ் குறிமுறை அனுப்பினார்கள். ஒட்டினேன், வால் திரும்பி வந்தது. இந்தப் பண்புக்குக் குறைத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

குறிப்பைச் சுருக்கிக் காட்டுகிற வசதி இன்னொரு கூத்து. 120 எழுத்துக்கு மேல் போனால் வெட்டி மூன்று புள்ளி வைக்கும். எழுத்து என்று அது எண்ணுவது நம் எழுத்து இல்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் 'ல்' என்பது 'ல' ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. 'கொ' என்பதும் இரண்டு. வெட்டு எங்கே விழும் என்பது அவரவர் ஜாதகம். மூத்த தவில்காரரின் குறிப்பு 'தவில' என்று முடிந்து மூன்று புள்ளியோடு நின்றது. வைக்க வேண்டிய ஒரு புள்ளியைப் பிடுங்கிக்கொண்டு வேண்டாத மூன்றைக் கொடுத்திருக்கிறது. எல்லையே வேண்டாம் என்று பூஜ்ஜியம் போட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் முப்பது நாற்பது சொல்லில் நானே எழுதினேன். வித்துவானின் பழைய நோட்டீஸிலிருந்து எடுத்து ஒட்டலாம் என்று பார்த்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. அந்தக் காலத்தில் அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.

ஒவ்வோர் ஆளுக்கும் தனிப் பக்கம் உண்டாக்குகிறது. அதன் முகவரியைப் பெயரிலிருந்தே எடுக்கிறது. தமிழில் பெயர் எழுதினால் முகவரியில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாக உடைந்து, சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது இடம் பிடிக்கும். அந்த முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் இருப்பது 200 இடம். அதாவது இருபத்திரண்டு குறியோடு சரி. ஊர், தலைப்பெழுத்து, பெயர், பட்டம் என்று போகிற வித்துவானின் பெயர் பாதியில் அறுந்தது. அறுந்ததை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பாம்பு மாதிரி நாலு வரிக்கு நீள்கிறது. இது தமிழில் தளம் வைக்கிற எல்லோருக்கும் உள்ள பாடு. முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாகத் திருத்திவிடுங்கள், வெளியிடுவதற்கு முன்பே.

கணினியில் படத்தின் மேல் எலிக்குறியைக் கொண்டுபோனால், ஒரு திரை மேலெழுந்து பெயரும் வாத்தியமும் தெரியும். அழகாக இருக்கிறது. ஆனால் இந்தத் தளத்தைக் கணினியில் பார்ப்பவர் என் கணக்கில் நானும் வித்துவானின் மகளும்தான். மற்றவர்கள் எல்லோரும் கைப்பேசி. கைப்பேசியில் எலி ஏது? பெயரே இல்லாத ஆறு படம் வரிசையாக நிற்கும், தொட்டால்தான் பெயர். தொடலாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? பெயர் எப்போதும் கீழே தெரிகிற வடிவத்துக்கு மாற்றினேன். தொட்டதும் பாப்அப்பாக விரிகிற வடிவத்தையும் முயன்றேன். அதை மூடப் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் பாப்அப்போடு தளமே மூடிக்கொள்கிறது. கும்பகோணம் தவில்காரர் இரண்டு தடவை அப்படி வெளியே போய்விட்டு, "உன் வெப்சைட் என்னை அடித்துத் துரத்துகிறது" என்றார்.

இனி நல்லது.

பிரிவுகள். இதற்காகவே நான் இந்தச் செருகுநிரலை வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆளையும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவில் சேர்க்கலாம். வெளியாருக்குச் செட்டு என்றால் ஒரே கூட்டம். உள்ளே அப்படியில்லை. நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதிப் பெட்டி என்பது கட்டுமானம். பெரிய இடத்துக் கல்யாணம் என்றால் 'ஸ்பெஷல் தவில்' என்று வெளியிலிருந்து பேர்போன ஒருவரை அழைப்பார்கள். தை, ஆவணி முகூர்த்தங்களில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் ஒப்புக்கொண்டால் செட்டு இரண்டாகப் பிரியும். இதை 'நிலையான செட்டு', 'இரண்டாம் செட்டு', 'ஸ்பெஷல் தவில்' என்று மூன்று பிரிவாக்கினேன். திருவாரூர் கல்யாணத்துக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால் அந்தப் பிரிவின் இணைப்பை மட்டும் அனுப்பலாம். ஒரு சங்கடம்: நான் 'நாதஸ்வரம்' என்று ஒரு பிரிவு வைத்தேன், வித்துவானின் மகள் 'நாகஸ்வரம்' என்று இன்னொன்று உண்டாக்கினாள். இரண்டு பொத்தான் வந்துவிட்டது. எது சரி என்ற வழக்கில் நான் இறங்க மாட்டேன். அப்பாவும் மகளும் பேசி ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

தொடர்பு இணைப்புகளில், காலியாக விட்டதன் சின்னத்தைக் காட்டாமல் மறைக்கிறது. வேலை தேடும் தளங்களின் சின்னம் தவில்காரர் படத்துக்குக் கீழே நிற்பதை நினைத்துப் பாருங்கள். யூடியூப் சின்னத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் வாசித்த ஒரு பதிவை இணைத்தேன். பெண் வீட்டார் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நொடி கேட்கவும் செய்கிறார்கள். இதனால் வந்த முன்பதிவுகள் உண்டு என்று அண்ணனே சொன்னார். பக்கத்தின் பயனில் பாதி இதில்தான் இருக்கிறது என்பேன்.

தொலைபேசி எண் பெட்டியை நிரப்பப் போனபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லோர் நம்பரையும் போட்டால் என் ஆளை நேராகக் கூப்பிட்டுப் பேசிவிடுவார்கள்." நியாயம்தான். வியாபார ரகசியம் ஒரு பக்கம் இருக்கட்டும், பொதுவெளியில் எண்ணைப் போட்டுவிட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்புகளை வாங்குவானேன்? அலுவலக எண் ஒன்றே எல்லோருக்கும்.

அண்ணனின் நாதஸ்வரம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. ஆச்சா மரத்தில் கடைகிற அந்த ஊர் வாத்தியத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் படத்துக்குக் கீழே தனி வரியாகப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். 'வாத்தியம்' என்று நாமாக ஒரு பெட்டி சேர்க்கிற வசதி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. பிரிவுப் பொத்தான்களும் அதில்தான். வருடத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய், டாலர் கணக்கு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கட்டினேன். கட்டின கையோடு தானாகப் புதுப்பிப்பதை அணைத்தும் வைத்தேன். அந்த இரண்டு வசதி போக, இருபதுக்கு மேல் வடிவங்கள் தருகிறார்கள். பார்த்தேன், அறுகோணத்துக்குள் முகம், சாய்சதுரத்துக்குள் முகம். பத்திரிகையில் இதயத்துக்குள் மணமக்கள் படம் கேட்பவர்களுக்குப் பிடிக்கலாம்.

ஐப்பசியில் இளைய தவில்காரர் வேறு செட்டுக்குப் போனார். சண்டை இல்லை, கொஞ்சம் கூடுதல் சம்பளம். எனக்கு யாரும் சொல்லவில்லை. கார்த்திகையில் திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். காலையில் மேளம் உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாராம். ஒரு முகத்தைக் காட்டி, "இவர் எங்கே? இவர் வாசித்ததைக் கேட்டுத்தானே உங்களைப் பேசினோம்" என்றாராம். அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. வந்திருந்தவர் போனவரைவிட ஒரு படி மேலே வாசிக்கிறவர் என்பது வேறு விஷயம். அதை அந்த மனிதர் நலங்கு முடிந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை எனக்குப் போன் வந்தது. நான் அந்தத் தவில்காரரின் பதிவை வரைவாக மாற்றினேன். ஒரே சொடுக்கு, மூன்று பக்கத்திலும் மறைந்தார். அழிக்கவில்லை, திரும்பி வந்தாலும் வருவார், மறுபடி ஏற்றுகிற வேலை மிச்சம். அவருடைய தனிப் பக்கத்தின் இணைப்பை முன்பே பகிர்ந்தவர்களுக்கு மட்டும் 'பக்கம் இல்லை' என்று வந்தது. அதைக் குழுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். இந்த வேலை மொத்தம் நாலு நிமிடம். கையால் கட்டியிருந்தால் வரிசை கலைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம் அண்ணனின் மகளுக்கு எடிட்டர் என்ற அளவில் உள்ளே வரும் உரிமை கொடுத்தேன். கல்லூரி பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே ஆளை ஏற்றுகிறாள், இறக்குகிறாள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது?

ஐந்துக்கு மூன்றரை. நாலு பேர் உள்ள, மாறாத குழுவுக்கு இது வேண்டவே வேண்டாம். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸோடு வந்த பிளாக் எடிட்டரிலேயே பக்கத்தை நெடுவரிசைகளாகப் பிரித்துப் படம் போட்டுக்கொள்ளலாம், தளமும் கனக்காது. ஆள் வந்து போகிற இடம், ஒரே ஆள் இரண்டு மூன்று கூட்டத்தில் நிற்கிற இடம், அங்கே இலவசப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். பிரிவுப் பொத்தான் தேவைப்பட்டால் மட்டும் காசு.

சுருதிப் பெட்டிக்காரரைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். முப்பது வருடமாக அந்தச் செட்டில் இருக்கிறார். துலாக்கட்டத்தில் படம் எடுத்த அன்று அவர் வரவில்லை. "என்னை எதற்கு" என்று வீட்டில் இருந்துவிட்டார். படம் இல்லாத ஆளுக்குச் செருகுநிரல் பெயரின் முதலெழுத்தைச் சாம்பல் வட்டத்தில் போடும். அவர் பெயர் 'சீ'யில் தொடங்குகிறது. மேலே உள்ள கொக்கியை விட்டுவிட்டு வெறும் 'ச' என்று போட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நானே பைக்கில் குத்தாலம் போய், திண்ணையில் வைத்து எடுத்து வந்தேன். சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம். ஆறிலும் அதுதான் நல்ல படம்.

போன வாரம் கடைக்கு வந்தார். அந்தப் பக்கத்தைத் தாளில் அடித்துத் தர முடியுமா, பேத்தியிடம் காட்ட வேண்டும் என்றார். உலாவியிலிருந்து அச்சுக்குக் கொடுத்தேன். முகப்பில் மட்டும் நான் இன்னும் மாற்றாமல் விட்டிருந்த பழைய வடிவம். எலிக்குறி வந்தால்தான் பெயர் தெரியும் வகை. தாளில் ஆறு படமும் வந்தன, ஒருவர் பெயரும் வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆர்ட் பேப்பர் எடுத்து, பெயரைக் கையால் கோத்து, முழுக் கொக்கியோடு அடித்துக் கொடுத்தேன்.